எலக்ட்ரிக் காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்க: பேட்டரி கெடாமல் காப்பாற்றும் முழுமையான வழிகாட்டி

சாவியில் இருந்த பொத்தானை அழுத்தினேன். விளக்கு கண் சிமிட்டவில்லை, பூட்டு விலகும் சத்தமும் இல்லை. கதவுக்குப் பக்கத்திலேயே சாவியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். கார் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. இரண்டு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தேன். கிளம்பும் முன் படித்ததையெல்லாம் நினைவில் வைத்து, பெரிய பேட்டரியைச் சரியாக 62 சதவீதத்தில் விட்டுவிட்டுப் போனவன் நான்.

ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சின்ன உலோகச் சாவியை உருவி, கதவுப் பிடியின் மூடிக்கு அடியில் துளையைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தேன். பானட்டைத் தூக்கி 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 5.8 வோல்ட். வெளியிலிருந்து இன்னொரு 12 வோல்ட் மூலத்தை இணைத்ததும் திரை ஒளிர்ந்தது: பெரிய பேட்டரி 60 சதவீதம். இரண்டு மாதத்தில் இரண்டே சதவீதம் இறங்கியிருந்தது. கவலைப்பட்ட பேட்டரி அப்படியே இருந்தது. நினைத்தே பார்க்காத பேட்டரி செத்திருந்தது. காரணம், நானே மாட்டி, கழற்ற மறந்து போன, சாலையைப் படம் பிடிக்கும் ஒரு டாஷ்கேம்.

அதனால் இந்த வழிகாட்டியில் சின்ன பேட்டரிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். பெரியதைப் பாதி நிரப்பி, காரை நன்றாகத் தூங்க விட்டாலே போதும், அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். தொல்லை எல்லாம் காரைத் தூங்க விடாத விஷயங்களிலும், அந்த விழிப்புக்குத் தீனி போடும் 12 வோல்ட் பேட்டரியிலும்தான்.

பூட்டிவிட்டுப் போனபின் காருக்குள் என்ன நடக்கிறது

எலக்ட்ரிக் காரில் இரண்டு பேட்டரிகள். தரைக்கு அடியில் படுத்திருப்பது, பல சின்னச் செல்களைச் சேர்த்துக் கட்டிய லித்தியம் அயான் பேக். மாடலைப் பொறுத்து 300, 400 வோல்ட், சிலவற்றில் 800 வோல்ட் வரை. இன்னொன்று பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, கணினிகள், திரை, அலாரம், செல்போன் ஆப்போடு பேசும் மோடம் எல்லாம் இந்தச் சின்னதில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியமான ஒன்று: பெரிய பேட்டரியைக் காரின் மற்ற பகுதிகளோடு இணைப்பது காண்டாக்டர் என்ற கனமான சுவிட்சுகள். கார் அணைந்ததும் பாதுகாப்புக்காக அவை விலகிக்கொள்ளும். மறுபடி அவற்றைச் சேர்க்க 12 வோல்ட் வேண்டும். சின்னது செத்துவிட்டால், பெரியதில் மின்சாரம் ததும்பினாலும் பயனில்லை. சார்ஜர் வயரைச் செருகினாலும் பல கார்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா.

பெட்ரோல் காரில் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சின்ன பேட்டரியை நிரப்பும். எலக்ட்ரிக் காரில் அந்த வேலையை டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் செய்கிறது. கார் ஆனில் இருக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும் பெரியதிலிருந்து எடுத்துச் சின்னதற்கு ஊட்டும். இப்போதைய பல மாடல்கள், நிறுத்தி வைத்திருக்கும்போதும் சின்னது இறங்கினால் தானாக விழித்து ஊட்டிவிட்டுத் தூங்கும். சில மாடல்கள், குறிப்பாகப் பழையவை, அப்படிச் செய்வதில்லை. செய்கிற கார்களும் பெரிய பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனால் ஊட்டுவதை நிறுத்திவிடும். உங்கள் கார் எந்த ரகம் என்று மேனுவலில் பாருங்கள். பின்னால் வரும் பாதி முடிவுகள் இந்த ஒரு பதிலைப் பொறுத்தவை.

படி 1: எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வாரம் வரை என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். 50-லிருந்து 70 சதவீதத்துக்குள் விட்டு, தேவையில்லாத வசதிகளை அணைத்துவிட்டுக் கிளம்பலாம். ஒன்றிலிருந்து மூன்று மாதம் என்றால் கீழே உள்ள எல்லாப் படிகளும் உங்களுக்குத்தான். மூன்று மாதத்துக்கு மேல் போனால், இடையில் ஒரு முறையாவது யாராவது வந்து காரைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் பூட்டிப் போட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நம்பி விட்டுப் போக ஓர் ஆள் இல்லையென்றால், ஓட்டுகிற யாரிடமாவது காரைக் கொடுத்துவிட்டுப் போவது அந்த பேட்டரிக்குச் செய்யும் நல்ல காரியம்.

படி 2: பெரிய பேட்டரியைப் பாதியில் விடுங்கள்

ஊருக்குப் போகுமுன் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் கெடுதல் செய்யும். லித்தியம் பேட்டரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: உள்ளே எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, வெளியே எவ்வளவு சூடு. நிரம்பிய செல்லுக்குள், நெகட்டிவ் முனையாக இருக்கும் கிராஃபைட் முழுக்க லித்தியம் ஏறி நிற்கும். அந்த நிலையில் அது செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தோடு விடாமல் வினை புரிந்து, தன்மேல் படிந்திருக்கும் மெல்லிய படலத்தை மேலும் தடிமனாக்கிக்கொண்டே போகும். அந்தப் படலத்துக்குள் சிக்கிய லித்தியம் திரும்பி வருவதில்லை. அதுதான் நீங்கள் இழக்கும் கிலோமீட்டர்கள். மறுபக்கத்துப் பாசிட்டிவ் முனையிலும் வோல்டேஜ் உயர உயர எலக்ட்ரோலைட் சிதையும். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகைச் செல் ஒன்று நிரம்பும்போது 4.2 வோல்ட் அளவில் நிற்கும், பாதியில் 3.7-க்குப் பக்கத்தில். மாதக்கணக்கில் எந்த வோல்டேஜில் உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்காகக் காலியாக விடலாமா என்றால், கூடவே கூடாது. நிரப்பி வைப்பதால் வரும் சேதம் மெதுவானது, காலியாக விடுவதால் வருவது ஒரேயடியானது. செல்லின் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு தப்பான இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. அதனால்தான் அந்த நிலைக்குப் போன பேக்கை, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சார்ஜ் செய்யவே அனுமதிக்காமல் பூட்டிவிடுகிறது. திரையில் பூஜ்யம் காட்டும்போது அடியில் கொஞ்சம் இருப்பு இருக்கும், உண்மைதான். ஆனால் அது அவசரத்துக்கு வைத்தது. மாதக்கணக்கில் உண்டு வாழ அல்ல. நிஸான் லீஃப் காரின் மேனுவல், சார்ஜ் பூஜ்யத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும்போது 14 நாளுக்கு மேல் விட வேண்டாம் என்கிறது. மற்ற கார்களுக்கும் இதை ஒரு நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே 50 சதவீதம். கார் தினமும் கொஞ்சம் தின்னும் ரகம் என்றால் 60. நீண்ட காலம், நடுவில் பார்க்க ஆள் இல்லை என்றால் 70 வரை போகலாம். 50-க்கும் 60-க்கும் நடுவே எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 100-ஐயும் 5-ஐயும் தவிர்த்துவிட்டாலே பெரும்பாலான சேதத்தைத் தவிர்த்தாயிற்று.

எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். "அடிக்கடி 100 சதவீதம் ஏற்றுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது ஓட்டும் நாட்களுக்கான அறிவுரை. இந்த வகைச் செல்லின் வோல்டேஜ், நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று பி.எம்.எஸ். கணக்கை நேர் செய்துகொள்ள அவ்வப்போது உச்சிக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிறுத்தி வைப்பதற்கு எல்.எஃப்.பி.க்கும் பாதிதான் நல்லது. என் யோசனை: கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஒரு தடவை 100 வரை ஏற்றிக் கணக்கை நேராக்கி, உடனே ஓட்டி 50 அல்லது 60-க்கு இறக்கி நிறுத்துங்கள். திரை காட்டும் சதவீதத்தை அப்போது நம்பலாம்.

படி 3: மூன்று நாள் ஒத்திகை

இதை நான் இப்போது ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் செய்கிறேன். காரை நிறுத்தி, சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, மூன்று நாள் கிட்டப் போகாமல், ஆப்பையும் திறக்காமல் விடுங்கள். நான்காம் நாள் பாருங்கள். ஒரு சதவீதம் இறங்கியிருந்தால், அல்லது இறங்கவே இல்லையென்றால், கார் ஒழுங்காகத் தூங்குகிறது. மூன்று, நான்கு சதவீதம் போயிருந்தால் ஏதோ ஒன்று அதை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 60 நாளில் அது 60 சதவீதம்.

செல்கள் தாமாக இழப்பது மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். மிச்சமெல்லாம் கார் விழித்திருந்து தின்பது. எழுப்புகிறவர்கள் பட்டியல் இதோ.

முதல் குற்றவாளி கேமரா காவல் வசதி. டெஸ்லாவில் சென்ட்ரி மோடு என்பார்கள், மற்றவற்றில் வேறு பெயர். கேமராக்களும் அவற்றின் படத்தை அலசும் கணினியும் இரவு பகலாக ஓடும். 250 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு 6 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் அது நாளுக்கு 10 சதவீதம். 60-ல் விட்டுப் போன கார் நான்காம் நாள் 20-க்கு வந்துவிடும். திருடன் வருகிறானோ இல்லையோ, சார்ஜ் போவது நிச்சயம்.

அடுத்தது, நிறுத்திய காரின் உட்புறம் சூடாகாமல் ஏ.சி.யைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி, தினமும் காலையில் இத்தனை மணிக்குக் குளிரவோ சூடாகவோ இருக்கட்டும் என்று நீங்கள் வைத்த நேர அட்டவணை. இரண்டையும் அணையுங்கள். நேர அட்டவணை பலருக்கு மறந்தே போயிருக்கும். ஆளே இல்லாத காரை அது தினமும் தயார் செய்துகொண்டிருக்கும்.

பிறகு செல்போன் ஆப். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆப்பைத் திறந்தாலே பல கார்கள் முழுதாக விழித்துக்கொள்ளும். மறுபடி தூங்கச் சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரை ஆகும். கவலையில் நாளுக்குப் பத்துத் தடவை பார்ப்பவர், கவலைப்பட்ட காரியத்தைத் தானே நடத்தி வைக்கிறார். வாரம் ஒரு தடவை போதும். புள்ளிவிவரம் காட்டும் வெளியார் ஆப் எதையாவது காரோடு இணைத்திருந்தால் அதன் அனுமதியை ரத்து செய்துவிடுங்கள், அவை பின்னணியில் காரைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். அப்புறம் சாவி: அருகில் வந்தாலே திறக்கும் வகைச் சாவியைக் காருக்கு ஒட்டிய சுவரின் மறுபக்கத்தில் மாட்டி வைக்காதீர்கள். வீட்டின் தூர மூலையில் ஒரு தகர டப்பாவுக்குள் வையுங்கள்.

கடைசியாக, நீங்களே மாட்டியவை: டாஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. துளையில் (மெக்கானிக் தன் சோதனைக் கருவியை இணைக்கும் இடம்) செருகிய சாதனம். ஒன்று விடாமல் கழற்றுங்கள். என் கதை தெரியுமே.

சில மாடல்களில் நீண்ட நாள் நிறுத்துவதற்கென்றே ஒரு தூக்க நிலை மெனுவில் இருக்கும். இருந்தால் அதுவே இந்த வேலைகளில் பாதியைச் செய்துவிடும்.

படி 4: வயரைச் செருகி விடுவதா, வேண்டாமா

இதற்கு ஒரே பதில் இல்லை, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சில நிறுவனங்கள் சார்ஜ் வரம்பை 50-ல் வைத்துச் செருகியே விடச் சொல்கின்றன. அப்போது கார் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும், கடுங்குளிரிலோ கடும் வெயிலிலோ பேட்டரியைப் பதப்படுத்திக்கொள்ளும். வேறு சில, பேட்டரியைக் குறைந்த அளவில் வைத்து வயரைக் கழற்றச் சொல்கின்றன. இரண்டுமே அந்தந்தக் காரின் வடிவமைப்புக்குச் சரிதான்.

மேனுவல் தெளிவாகச் சொல்லவில்லையென்றால் நான் இரண்டைப் பார்ப்பேன். சார்ஜ் வரம்பை 50 அல்லது 60-க்கு இறக்க முடிகிறதா? முடியாத காரைச் செருகி விட்டால் அது 100-க்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும். அதற்குச் செருகாமல் விடுவதே மேல். இரண்டாவது, செருகிய நிலையில் சின்ன பேட்டரியைக் கார் கவனிக்கிறதா? செருகியிருந்தும் சார்ஜ் ஏறாத நேரத்தில் 12 வோல்ட்டைக் கண்டுகொள்ளாத மாடல்கள் உண்டு. செருகி இருக்கிறதே என்ற நிம்மதியில் ஊருக்குப் போனவர்கள் செத்த காருக்குத் திரும்புவது இப்படித்தான். செருகுவது என்று முடிவானால் சுவரில் பதித்த சார்ஜரில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் போகாதீர்கள்.

படி 5: சின்ன பேட்டரி

கொஞ்சம் கணக்கு. பூட்டிய கார் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எப்போதும் ஒரு துளி எடுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 0.72 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதி காலி. 200 மில்லி ஆம்பியர் எடுக்கும் டாஷ்கேம் இருந்தால் ஐந்தே நாளில் பாதி. இந்தச் சின்னது பெரும்பாலும் லெட் ஆசிட், அதாவது ஈய அமில வகை. அதற்குப் பாதிக்குக் கீழே இருப்பதே நோய். தட்டுகளில் சல்பேட் படிகங்கள் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. லித்தியத்துக்குப் பாதி நல்லது, லெட் ஆசிட்டுக்கு முழுதாக நிரம்பியிருப்பது நல்லது. ஒரே காருக்குள் இரண்டு எதிரெதிர் சுபாவங்கள்.

கார் அணைந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. நிறுத்தும் நாளிலேயே 12.4-க்குக் கீழே இருந்தால், நான்கைந்து வருடம் பழையதும் என்றால், ஊருக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.

கார் தானாகச் சின்னதற்கு ஊட்டும் ரகமாக இருந்து, ஒத்திகையும் நன்றாகப் போயிருந்தால், ஒன்றையும் தொட வேண்டாம். பேட்டரியைக் கழற்றினால் அந்த ஏற்பாடே நின்றுபோகும். ஆப்பில் காரைப் பார்க்கவும் முடியாது. நல்லது செய்வதாக நினைத்துக் கெடுப்பது இது.

தானாக ஊட்டாத காருக்குச் சிறந்த வழி பேட்டரி மெயின்டெய்னர். நிரம்பியதும் வோல்டேஜை 13.5 அளவுக்கு இறக்கி, கசிவதை மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும் சின்னக் கருவி. சாதாரண பழைய சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது, அது ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியை வறட்டிவிடும். புதிய சில கார்களில் இந்தச் சின்ன பேட்டரியும் லித்தியம். அவற்றுக்கு லெட் ஆசிட் மெயின்டெய்னர் ஒத்துவராது. முதலில் லேபிளைப் படியுங்கள்.

பிளக் பாயின்ட் பக்கத்தில் இல்லை, கார் தானாக ஊட்டுவதும் இல்லை என்றால், நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுவதுதான் மிச்ச வழி. மேனுவல் அனுமதித்தால் மட்டும். கழற்றும்போது வரிசை முக்கியம்:

1. காரை அணைத்து, கதவுகளை மூடி, கார் தூங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும், காருக்குள் அல்ல.
2. எந்தக் கதவை உலோகச் சாவியால் திறக்க முடியும் என்று இப்போதே திறந்து பாருங்கள்.
3. 10 எம்.எம். ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைத் தளர்த்தி எடுங்கள். பாசிட்டிவைத் தொட வேண்டாம். எடுத்த வயரைத் துணியால் சுற்றி, முனையில் திரும்பப் படாதபடி ஓரமாக ஒதுக்குங்கள்.
4. பானட்டை அழுத்தி மூடும் முன் ஒரு நொடி நில்லுங்கள்.

அந்த ஒரு நொடிதான் இந்தப் பகுதியிலேயே முக்கியமானது. சில கார்களில் பானட் மின்சாரத்தால் மட்டும் திறக்கும். பேட்டரி உள்ளே, திறக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் தருவது அந்த பேட்டரி. மூடிவிட்டால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டிக்கிக்குள் பேட்டரி இருக்கும் கார்களிலும் இதே சங்கடம். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துத் திறக்கச் சில மாடல்களில் முன் பம்பரில் ஒரு மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் வைத்திருப்பார்கள். அவை எங்கே இருக்கின்றன என்று மேனுவலில் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்களும் பானட்டுக்குள் தெரியும். அவை உயர் மின்னழுத்த வயர்கள். அவற்றோடு நமக்கு எந்த வேலையும் இல்லை, கை வைக்காதீர்கள்.

படி 6: இடம்

சூடுதான் எதிரி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வினைகளின் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. திறந்த வெயிலில், தார்த் தரையில், 100 சதவீதத்தில் நிற்கும் கார் எல்லாக் கெடுதலையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன லீஃப் மேனுவல், 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் 24 மணி நேரம் விடக்கூடாது என்று எல்லை போட்டிருக்கிறது. தரைத்தள நிழல் கிடைத்தால் அது மொட்டை மாடி பார்க்கிங்கைவிட எத்தனையோ மேல்.

குளிர் பேட்டரியை அவ்வளவாகக் கிழடாக்காது. ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது லித்தியத்துக்கு ஆகாது. கார் முதலில் பேட்டரியைச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற்றும், அதற்கே மின்சாரம் செலவாகும். சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி உறைந்து விரிசல் விடலாம், நிரம்பியது கடுங்குளிரையும் தாங்கும்.

தண்ணீர் தேங்கும் அடித்தளத்தில் மட்டும் விடாதீர்கள். குறிப்பாக உப்புத் தண்ணீர். 2022-ல் ஃபுளோரிடாவை இயன் புயல் தாக்கியபின் கடல் நீரில் மூழ்கி எழுந்த எலக்ட்ரிக் கார்களில் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு உள்ளே மின் பாதை போட்டுவிடும்.

எலிகளையும் மறக்க வேண்டாம். அசையாமல் நிற்கும் கார் அவற்றுக்குக் கட்டி முடித்த வீடு. காருக்குள் தின்பண்டத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் சுத்தம் செய்யுங்கள், பானட்டைச் சுற்றி எலிப்பொறி வையுங்கள். மூடுவதானால் காற்றுப் போகும் துணி உறை. பிளாஸ்டிக் தாள் போட்டால் ஈரம் உள்ளே அடைந்து துருவும் பூஞ்சையும்தான் மிஞ்சும்.

படி 7: டயரும் பிரேக்கும்

பேட்டரியின் கனத்தால் எலக்ட்ரிக் கார்கள் அதே அளவு பெட்ரோல் கார்களைவிட எடை கூடியவை. ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகும். வழக்கத்தைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்றடியுங்கள், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். கார் கழுவிய ஈரத்தோடு நிறுத்தாதீர்கள், பிரேக் தட்டுகள் துருப்பிடித்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று ஓட்டி, நான்கைந்து தடவை நன்றாக பிரேக் அழுத்திக் காய வைத்து நிறுத்துங்கள். சமதரையில் பி-யில் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கக் கார் அனுமதித்தால் விடுவியுங்கள். மின்சாரப் பார்க்கிங் பிரேக்கை 12 வோல்ட்டைக் கழற்றுமுன் விடுவித்தால்தான் உண்டு.

நிற்கும் காலத்தில்

12 வோல்ட்டைக் கழற்றவில்லை என்றால், வாரம் ஒரு தடவை ஆப்பில் சதவீதம் பார்த்துக் குறித்து வையுங்கள். 30-க்கு வந்தால் யாரையாவது கொண்டு 50-60 வரை ஏற்றச் சொல்லுங்கள். 20-க்குக் கீழே போக விடாதீர்கள். பல கார்கள் அங்கேதான் ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும், சின்ன பேட்டரிக்கு ஊட்டுவதும் அதில் ஒன்று.

பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மாதம் ஒரு முறை காரை ஆனில் போட்டு அரை மணி நேரம் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். அந்த அரை மணியில் சின்ன பேட்டரிக்கு ஊட்டம் கிடைக்கும், டயரின் வேறு பகுதி தரைக்கு வரும். ஐந்து நிமிடம் போட்டு அணைப்பது வீண். கதவைத் திறந்து மூடி எல்லாக் கணினியையும் எழுப்பிவிட்டு, ஈடு செய்யுமுன் அணைத்த கணக்காகிவிடும்.

எழுப்பும் நாள்

திரும்பி வந்ததும் முதல் வேலை பானட்டுக்குள் பாருங்கள்: எலிக் கூடு, கடித்த வயர், கூலன்ட் அளவு. வயர் கடிபட்டிருந்தால், அதிலும் ஆரஞ்சு வயர் என்றால், காரை ஆன் செய்யாமல் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் 12 வோல்ட்டை அளந்து, கழற்றியிருந்தால் நெகட்டிவை இறுக்கிப் பூட்டுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைத் தனியாகச் சார்ஜ் செய்யுங்கள்.

செத்தே போயிருந்தால் வெளியிலிருந்து 12 வோல்ட் பூஸ்டர் கொடுத்து எழுப்பலாம். கார் விழித்ததும் கன்வெர்ட்டர் ஊட்டத் தொடங்கும். ஆனால் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்த லெட் ஆசிட் பேட்டரியை நம்பி அடுத்த வாரப் பயணம் வைக்காதீர்கள், மாற்றிவிடுவதே நல்லது. எழுப்பவே முடியாத காரை ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். தட்டு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும்.

கார் விழித்ததும் திரையில் இரண்டு மூன்று எச்சரிக்கைகள் வரலாம், கடிகாரமும் ஜன்னல்களின் நினைவும் அழிந்திருக்கலாம். பதற வேண்டாம். காரை முழுதாக அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி போட்டால் பெரும்பாலும் போய்விடும். பேட்டரி பற்றிய சிவப்பு எச்சரிக்கை மட்டும் போகாமல் நின்றால் ஓட்டாதீர்கள்.

நேராக ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போகாமல் வீட்டுச் சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள். நீண்ட ஓய்வில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு அளவில் கசிந்திருக்கும். பல கார்கள் சார்ஜின் கடைசிப் பகுதியில்தான் அவற்றைச் சமப்படுத்துகின்றன. ஆகவே ஒரு தடவை 100 வரை விட்டு, சார்ஜர் தானாக நிற்கும் வரை பொறுத்து, அன்றே ஓட்டிவிடுங்கள். முதல் சில நாள் திரை காட்டும் கிலோமீட்டர் குறைவாகத் தெரியலாம். கணக்கு கலைந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். நான்கைந்து முறை ஏற்றி இறக்கியபின் வரும் எண்ணை வைத்து முடிவுக்கு வாருங்கள்.

டயரில் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டு வாருங்கள். முதல் ஓட்டத்தில் பிரேக்கிலிருந்து கரகரப்பும் சக்கரங்களிலிருந்து தடதடப்பும் வரும். ரீஜெனரேஷன், அதாவது வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் காரை மெதுவாக்குவது, பெரும்பாலான பிரேக் வேலையைத் தானே செய்துவிடுவதால், எலக்ட்ரிக் காரில் இந்தத் துரு தானாகப் போக நாளாகும். ஆளில்லாத சாலையில் ரீஜெனரேஷனைக் குறைந்த அளவுக்கு வைத்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துத் தடவை திடமாக பிரேக் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது தடவையில் கரகரப்பு அடங்கும். டயரின் தடதடப்பு 20, 30 கிலோமீட்டர் ஓடி ரப்பர் சூடானபின் போய்விடும். அதற்குப் பிறகும் ஸ்டியரிங் உதறினால் டயர் கடைக்காரரிடம் காட்டுங்கள்.